சில்வர் ஆப்பிள்ஸ்: ஒன்பது ஆசிலேட்டர், ஒரு டிரம்ஸ், இரண்டு பேர்

சில்வர் ஆப்பிள்ஸ் 1967-ல் நியூயார்க்கில் உருவாகி, 1970-ல் கலைந்துபோன இசைக்குழு. குழுவில் இருந்தவர்கள் இரண்டே பேர். சிமியோன் காக்ஸ் பாடிக்கொண்டே, தானே கோத்துக் கட்டிய ஒரு மின்னணுக் கருவியை இயக்கினார். டேனி டெய்லர் டிரம்ஸ் வாசித்தார். கிடார் கிடையாது, பேஸ் கிடாரும் கிடையாது. அந்த மூன்று ஆண்டுகளில் வெளிவந்தவை இரண்டு இசைத்தட்டுகள் மட்டுமே. ஜெர்மனியில் கிராஃப்ட்வெர்க் குழு தொடங்கியது 1970-ல். நியூயார்க்கிலேயே சூசைடு குழு பிறந்ததும் அதே ஆண்டுதான். இடைவிடாத தாளமும் மின்னணு ஒலியும் சேர்ந்த பாடல் என்று இன்று உலகம் முழுக்கக் கேட்கிற வடிவத்தை, அவர்கள் எல்லோருக்கும் முன்னால் இந்த இருவரும் மேடையில் வாசித்துக் காட்டிவிட்டார்கள்.

சிமியோன் 1938-ல் டென்னசி மாநிலத்து நாக்ஸ்வில்லில் பிறந்து நியூ ஆர்லியன்ஸில் வளர்ந்தவர். நியூயார்க்குக்கு அவர் வந்தது ஓவியராக. பியானோ கற்றவரில்லை, சுரம் பார்த்து வாசிக்கத் தெரியாது. பாட வரும், அவ்வளவுதான். 1960-களின் நடுவில் அவர் சேர்ந்த குழுவின் பெயர் ஓவர்லாண்ட் ஸ்டேஜ் எலெக்ட்ரிக் பேண்ட். கிரீனிச் வில்லேஜில் மெக்டூகல் தெருவில் இருந்த கஃபே வா என்ற இடத்தில் அவர்கள் வாசித்துவந்தார்கள். மற்றவர்களின் வெற்றிப் பாடல்களை எடுத்து வாசிப்பதும், நடுநடுவே கிடார்காரர்கள் நீண்ட தனி ஆவர்த்தனம் செய்வதுமாக ஓடிக்கொண்டிருந்த சாதாரண ராக் குழு அது. டேனி டெய்லர் அதில் டிரம்ஸ்காரர்.

சிமியோனுக்கு ஓர் இசையமைப்பாளர் நண்பர் இருந்தார். அவர் வீட்டில் 1940-களைச் சேர்ந்த பழைய ஆடியோ ஆசிலேட்டர் ஒன்று கிடந்தது. ஒருநாள் ராக் இசைத்தட்டு ஒன்றை ஓடவிட்டு, அதோடு சேர்த்து அந்தக் கருவியின் குமிழைத் திருகிப் பார்த்தார் சிமியோன். விசில் மாதிரியும் அலறல் மாதிரியும் வந்த அந்தச் சத்தம் அவரை விடவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனார்.

குழுவில் இருந்த மற்றவர்களுக்கு அது பிடிக்கவில்லை. கிடார்காரர்களின் தனி ஆவர்த்தனத்துக்கு நடுவில் ஒரு பெட்டி ஊளையிட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஒவ்வொருவராக விலகிப் போனார்கள். கடைசியில் மேடையில் மிச்சம் நின்றவர்கள் சிமியோனும் டேனியும் மட்டும். ஒரு குழு உடைந்ததே இன்னொரு குழு பிறக்கக் காரணமாயிற்று. கிடாரும் பேஸும் போன இடத்தை எதையாவது வைத்து நிரப்பியாக வேண்டும். கையில் இருந்தது ஆசிலேட்டர் ஒன்றுதான். ஆக, இன்னும் சில ஆசிலேட்டர்களைத் தேடிப் பிடிப்பது என்று முடிவாயிற்று. டபிள்யூ. பி. யேட்ஸின் கவிதை ஒன்றில் வரும் சொற்களை எடுத்து சில்வர் ஆப்பிள்ஸ் என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள். அதே 1967-ல் மார்ட்டன் சபாட்னிக் வெளியிட்ட புகழ்பெற்ற மின்னணு இசைத்தட்டுக்கும் பெயர் வந்தது அதே கவிதையிலிருந்துதான்.

ஆடியோ ஆசிலேட்டர் இசைக்கருவியே அல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அது ரேடியோ, ஒலிபெருக்கி, தொலைபேசித் தடம் முதலியவற்றைச் சோதிக்கிற கருவி. உள்ளே இருக்கும் மின்சுற்று ஒரே சீரான அலையை உண்டாக்கும். வெளியே ஒரு பெரிய வட்டக் குமிழ். அதைத் திருகினால் மனிதக் காதுக்கு எட்டுகிற ஆழமான உறுமலிலிருந்து, எட்டியும் எட்டாத கீச்சொலி வரைக்கும் போகலாம். கிட்டத்தட்ட 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. ஹியூலெட்-பேக்கார்ட் நிறுவனம் 1939-ல் தொழில் தொடங்கியபோது அதன் முதல் சரக்கே இந்த வகை ஆசிலேட்டர்தான். ஃபேன்டேசியா படத்தின் ஒலியமைப்புக்காக வால்ட் டிஸ்னியின் நிறுவனம் அதில் எட்டு வாங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபிறகு இப்படிப்பட்ட சோதனைக் கருவிகள் பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைத்தன. இசைக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும், அவற்றை வரிசையாக அடுக்கி வைத்து ராக் மேடையில் பாட்டு வாசிக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மூக் சிந்தசைசர் அப்போதே விற்பனையில் இருந்தது உண்மை. ஆனால் அதை வாங்கப் பல்கலைக்கழகமோ பெரிய ஸ்டுடியோவோ பணக்காரக் குழுவோ வேண்டும். வெண்டி கார்லோஸின் ஸ்விட்ச்டு-ஆன் பாக் வெளியாகி சிந்தசைசர் என்ற பெயர் பொதுமக்கள் காதில் விழுந்ததே 1968-ன் பிற்பகுதியில்தான். தோளில் தூக்கிப் போகக்கூடிய மினிமூக் வந்தது 1970-ல். ஈஸ்ட் வில்லேஜ் பக்கத்தில் வாடகைக்குக் குடியிருந்த ஓர் ஓவியருக்கு இதெல்லாம் எட்டாத விஷயம். கிடைத்ததை வைத்துக் கட்டிக்கொள்வதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

அப்படிக் கட்டிய கருவிக்கு 'தி சிமியோன்' என்றே பெயராகிவிட்டது. முதல் இசைத்தட்டின் உறைக் குறிப்பின்படி அதில் 9 ஆசிலேட்டர்கள், கையால் இயக்கும் 86 கட்டுப்பாடுகள். கைகளாலும் கால்களாலும் முழங்கைகளாலும் அதை வாசித்தார் என்று அந்தக் குறிப்பு சொல்கிறது. அது விளம்பரத்துக்காகச் சொன்னதல்ல. பேஸ் ஒலிக்கான ஆசிலேட்டர்கள் காலுக்கு. தாளத்தோடு விட்டுவிட்டு ஒலிக்க வேண்டியவற்றைக் கையாலும் முழங்கையாலும் இயக்கினார். மிச்சமிருந்த ஓர் ஆசிலேட்டரின் குமிழைத் திருகி மெட்டு வாசித்தார். இத்தனைக்கும் நடுவில் மைக்குக்கு முன்னால் வாயை வைத்துப் பாடவும் வேண்டும்.

ஆசிலேட்டருக்கு மின்சாரம் கொடுத்துவிட்டால் அது நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். பாட்டுக்கு வேண்டியதோ தேவையான இடத்தில் தொடங்கி, தேவையான இடத்தில் அறுந்து போகிற ஒலி. அதற்கு சிமியோன் தந்தி அடிக்கிற பழைய விசைகளைப் பொருத்தினார். விசையை அழுத்தினால் ஒலி, விட்டால் மௌனம். ஒவ்வொரு ஆசிலேட்டரையும் ஒவ்வொரு சுரத்தில் நிறுத்தி வைத்துவிட்டு, விசைகளை மாற்றி மாற்றித் தட்டினால் சுரங்கள் துடித்துக்கொண்டே வரும். எது எந்தச் சுரம் என்று பெயர் சொல்லத் தெரியாததால் அடையாளத்துக்கு நிறங்களைப் பூசி வைத்திருந்தார். ஓவியருக்கு அது இயல்பாக வந்த வழி.

இந்த அமைப்பின் வரம்புகள்தான் பாடல்களின் வடிவத்தையே தீர்மானித்தன. ஒரு பாட்டுக்கு நிறுத்தி வைத்த சுரங்கள் நாலைந்துதான் இருக்கும். பாட்டுக்கு நடுவில் அவற்றை மாற்ற முடியாது. அதனால் ராக் பாட்டுகளில் வழக்கமாக வரும் கார்டு மாற்றங்கள் இங்கே இல்லை. ஒன்றிரண்டு சுரங்களின் மேல் முழுப் பாட்டும் நிற்கும். குமிழைத் திருகி வாசிப்பதால் மெட்டு படிப்படியாக ஏறாமல், ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துக்கொண்டே போகும். வால்வு வைத்த பழைய கருவிகள் சூடேற ஏறச் சுருதியும் நகர்ந்துவிடும். அதையும் காதால் பிடித்துச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். பியானோ தெரிந்த ஒருவரிடம் இதே பெட்டிகள் போயிருந்தால், அவர் முதல் வேலையாக ஒரு கீபோர்டைப் பொருத்தியிருப்பார். கிடைத்திருப்பது ஒரு விசித்திரமான ஆர்கன். சிமியோனின் கற்காத கைகள்தான் இதை வேறொன்றாக ஆக்கின.

குழுவைப் பற்றிய பேச்சில் இந்தக் கருவிதான் எப்போதும் முன்னால் வந்து நிற்கிறது. டேனி டெய்லரின் பங்கு அதில் பாதிக்குப் பாதி என்பது போதுமான அளவு சொல்லப்படுவதில்லை. சிமியோனின் பெட்டிகளில் தாளம் கிடையாது. சீக்வென்சர் இல்லை, டிரம் மெஷின் இல்லை. ஒரே சொற்கட்டைப் பாட்டு முழுவதும் பிசகாமல் சுழற்றி, அந்தச் சுழற்சிக்குள்ளேயே சின்னச் சின்ன மாறுதல் செய்து, கேட்பவரைக் கட்டிப்போடுகிற வேலையை டேனி இரண்டு கைகளாலும் இரண்டு கால்களாலும் செய்தார். பிற்காலத்தில் இயந்திரங்களிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை அது. சிம்பல்களை அடித்து ஆரவாரம் செய்வது அவர் வழியில்லை. டம் டம்மென்று அதிர்கிற டாம் டிரம்களில்தான் அவருடைய பெரும்பாலான வாசிப்பு. ஒரு சாதாரண டிரம்ஸ் செட்டில் இருப்பதைவிட அதிக எண்ணிக்கையில் டிரம்களைச் சுற்றி அடுக்கி வைத்துக்கொண்டு, அவற்றை ஆசிலேட்டர்களின் சுரங்களோடு இசையும்படி சேர்த்துவைத்தார். கச்சேரிக்கு முன் பாடகரின் சுருதிக்கு மிருதங்கத்தைச் சேர்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. ராக் டிரம்ஸ் உலகத்தில் அபூர்வம். முதல் இசைத்தட்டைக் காதோடு ஒட்டிக் கேட்டால், பேஸ் சுரம் எங்கே முடிகிறது, டிரம் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாத இடங்கள் பல வரும்.

இவர்களோடு ஒப்பந்தம் போட்ட கம்பெனி காப் ரெக்கார்ட்ஸ். இது வியப்பான பொருத்தம். 1954-ல் டேவ் காப் தொடங்கிய இந்த நிறுவனம் குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்கிற மென்மையான இசைக்குப் பேர்போனது. ரோஜர் வில்லியம்ஸின் பியானோவும், 1964-ல் பீட்டில்ஸ் அலையையே மீறி முதலிடத்துக்கு ஏறிய லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஹலோ டாலியும் அவர்களுடைய வெளியீடுகள். 1967-ல் எம்சிஏ நிறுவனம் காப்பை வாங்கியது. அந்த வீட்டுக்குள் ஒன்பது ஆசிலேட்டர்கள் நுழைந்தன.

சில்வர் ஆப்பிள்ஸ் என்ற பெயரிலேயே முதல் இசைத்தட்டு 1968-ல் வந்தது. நான்கு தடங்கள் மட்டுமே கொண்ட டேப் கருவியில் பதிவானது. முதல் பாட்டு ஆசிலேஷன்ஸ். அலைவைப் பற்றிய பாட்டு அலைவுகளாலேயே ஆனது. கீழே டேனியின் தாளம் உருளத் தொடங்க, மேலே ஆசிலேட்டர்கள் துடிக்க, சிமியோனின் குரல் எந்த உணர்ச்சிக் கொந்தளிப்பும் இல்லாமல் நேராக வருகிறது. அந்தக் குரலில் ஒருவித வெகுளித்தனம் இருக்கிறது. கருவியின் விசித்திரத்தோடு போட்டி போடாமல் விட்டதுதான் அதன் பலம். பாட்டு வரிகளில் பெரும்பங்கு ஸ்டான்லி வாரன் என்ற கவிஞருடையது.

புரோகிராம் என்ற பாடலில் ஒரு புதிய உத்தி இருக்கிறது. பாட்டின் நடுவில் சிமியோன் ஒரு ரேடியோவைத் திருப்புகிறார். அந்த நேரத்தில் நியூயார்க் வானொலியில் என்ன ஓடுகிறதோ அது பாட்டுக்குள் வந்து விழுகிறது. செய்தியோ, விளம்பரமோ, யாரோ ஒருவரின் இசையோ எதுவானாலும் சரி. மேடையில் அதை ஒவ்வொரு முறை வாசிக்கும்போதும் வேறு வேறு துண்டுகள் வரும். சாம்பிளிங் என்ற பெயரில் 1980-களில் ஹிப்-ஹாப் கலைஞர்கள் பெரிய கலையாக வளர்த்ததன் சாயல் இதில் தெரிகிறது. டான்சிங் காட்ஸ் என்ற பாடல் நவஹோ பழங்குடியினரின் சடங்குப் பாடலை ஆதாரமாகக் கொண்டது. தாளமும் ஒற்றைச் சுரமும் மட்டும் இருந்தால் ஒரு பாட்டு எவ்வளவு தூரம் போகும் என்பதை இந்த இசைத்தட்டில் இதைவிட நன்றாகக் காட்டுகிற இடம் வேறில்லை.

விற்பனை பெரிதாக இல்லை. பில்போர்டின் 200 இடப் பட்டியலில் அடியில் கொஞ்ச காலம் தலைகாட்டியதோடு சரி. ஆனால் நியூயார்க்கில் அவர்களுக்கென்று கூட்டம் இருந்தது. ஓவியர்களும் கவிஞர்களும் கூடிய மேக்ஸஸ் கான்சாஸ் சிட்டி என்ற இரவு விடுதியிலும், நகரத்துப் பூங்காக்களிலும் வாசித்தார்கள். ஒவ்வொரு கச்சேரிக்கும் பெட்டிகளை இறக்கி, வயர்களைக் கோத்து, ஒன்றோடொன்று சுருதி சேர்த்து முடிக்கவே வெகுநேரம் பிடிக்கும். ஊர் ஊராகச் சுற்ற ஏற்ற கருவி அல்ல. 

நியூயார்க்கில் அவர்களுக்கு இருந்த பெருமை உச்சத்தைத் தொட்டது 1969 ஜூலை 20 அன்று. அப்போலோ 11 நிலவில் இறங்கிய நாள். சென்ட்ரல் பார்க்கில் பெரிய திரைகள் வைத்து அதை மக்களுக்குக் காட்ட நகர நிர்வாகம் ஏற்பாடு செய்திருந்தது. மேயர் ஜான் லிண்ட்சேயின் நிர்வாகம் அந்த நிகழ்ச்சிக்கு இசை அமைக்கச் சில்வர் ஆப்பிள்ஸைக் கேட்டது. மியூன் டியூன் என்ற பெயரில் ஒரு பாடலை உருவாக்கி அன்று அவர்கள் வாசித்தார்கள். சோதனைச்சாலைக்கு என்று செய்த பெட்டிகளிலிருந்து எழுந்த ஒலி, மனிதன் நிலவில் கால் வைத்த இரவில் ஒரு மாநகரத்தின் பொது இசையாயிற்று. அந்த நாளுக்கு அதைவிடப் பொருத்தமான குழு அமெரிக்காவில் வேறு எதுவும் இருந்திருக்காது.

இரண்டாவது இசைத்தட்டான கான்டாக்ட் அதே 1969-ல் வந்தது. இதில் ஒலி கடினப்பட்டிருக்கிறது. அ பாக்ஸ் ஆன் யூ போன்ற பாடல்களில் கோபமும் தெரிகிறது. தென் மாநிலத்துப் பிள்ளையான சிமியோன் ரூபி என்ற பாடலில் பேஞ்சோவைக் கையில் எடுக்கிறார். மலைநாட்டுக் கிராமத்து பேஞ்சோவும் ஆசிலேட்டர் ரீங்காரமும் ஒரே பாட்டில் மோதிக்கொள்கின்றன. முதல் இசைத்தட்டைவிட இதுவே துணிச்சலான படைப்பு. குழுவைச் சாய்த்ததும் இதுதான், ஆனால் அது இசையால் நடந்ததல்ல.

இசைத்தட்டின் முன்னட்டைக்காகப் பான் ஆம் நிறுவனத்தின் விமானம் ஒன்றின் விமானி அறையில் இருவரும் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். நிறுவனத்தின் சின்னம் படத்தில் தெரிய வேண்டும் என்ற ஏற்பாட்டில் அனுமதி கிடைத்தது. சின்னம் தெரிந்தது. கூடவே போதைப்பொருள் சமாச்சாரங்களும் தெரிந்தன. பின்னட்டையில் இருந்தது விபத்தில் நொறுங்கிக் கிடக்கும் விமானத்தின் படம். அந்தச் சிதைவுகளுக்கு நடுவில் இருவரும் சாவகாசமாக உட்கார்ந்திருப்பதுபோல ஒட்டிச் சேர்த்திருந்தார்கள். அன்றைய அமெரிக்காவின் முதன்மையான சர்வதேச விமான நிறுவனம் அது. தன் பெயரையும் விபத்தையும் ஒரே அட்டையில் பார்த்ததும் வழக்குப் போட்டது.

வழக்கின் விளைவு கடுமையாக இருந்தது. இசைத்தட்டு கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. மேக்ஸஸ் கான்சாஸ் சிட்டியில் இருந்த டேனியின் டிரம்ஸ் பறிமுதலானதாகவும், தன்னுடைய கருவி மட்டும் தப்பியதாகவும் சிமியோன் பின்னாளில் நேர்காணல்களில் சொன்னார். மூன்றாவது இசைத்தட்டுக்கான பாடல்கள் பாதிக்கு மேல் பதிவாகியிருந்தன. காப் நிறுவனமோ எம்சிஏவுக்குள் கரைந்துகொண்டிருந்தது. வழக்கில் சிக்கிய குழுவைத் தொடுவதற்கு வேறு கம்பெனி எதுவும் முன்வரவில்லை. 1970-ல் குழு கலைந்தது. கேட்க ஆளில்லாமல் போன குழு அல்ல இது. ஓர் அட்டைப்படத்துக்காக, வளர்ந்துகொண்டிருந்த நேரத்தில் வெட்டப்பட்ட குழு. இன்று நினைத்தாலும் மனது ஆறவில்லை.

இருவரும் தங்கள் தங்கள் பிழைப்பைப் பார்க்கப் போனார்கள். டேனி தொலைபேசி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சிமியோன் தெற்கே அலபாமாவுக்குப் போய், ஓவியமும் வரைகலையும் தொலைக்காட்சிச் செய்தி வேலையுமாக நாட்களைக் கழித்தார். அவருடைய கருவியின் பெரும்பகுதி பின்னாளில் புயல் வெள்ளத்தில் அழிந்தது. 86 கட்டுப்பாடுகளோடு இருந்த அந்தப் பெட்டிகள் முழுதாக எந்த அருங்காட்சியகத்துக்கும் போய்ச் சேரவில்லை.

ஆனால் இசைத்தட்டுகள் கைமாறிக்கொண்டே இருந்தன. பழைய தட்டுகளைத் தேடுகிறவர்களிடம் அவற்றின் விலை ஏறியது. 1994-ல் ஜெர்மனியில் டிஆர்சி என்ற பெயரில் இரண்டு இசைத்தட்டுகளையும் அனுமதியில்லாமலே சிடியாகப் போட்டு விற்றார்கள். அதிலிருந்து இருவருக்கும் ஒரு காசு வரவில்லை. வந்தது வேறொன்று: ஸ்டீரியோலாப், ஸ்பேஸ்மென் 3 போன்ற குழுக்களைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறைக்கு, அந்த ஒலியின் வேர் எங்கே இருக்கிறது என்று தெரிந்துபோயிற்று. 1996-ல் சில்வர் ஆப்பிள்ஸுக்கு மரியாதையாக இளைய கலைஞர்கள் சேர்ந்து ஒரு தொகுப்பே வெளியிட்டார்கள்.

அதே ஆண்டு சிமியோன் குழுவை மறுபடி தொடங்கினார். டேனி எங்கே இருக்கிறார் என்று அப்போது அவருக்குத் தெரியவில்லை. ஸியன் ஹாக்கின்ஸ் என்ற இளைஞர் கீபோர்டு வாசிக்க, வேறொருவர் டிரம்ஸில் உட்கார, 1997-ல் ஸ்டீவ் அல்பினியின் ஒலிப்பதிவில் பீக்கன் என்ற இசைத்தட்டு வந்தது. நல்ல இசைத்தட்டுதான், ஆனால் டேனி இல்லாத சில்வர் ஆப்பிள்ஸில் பாதிதான் இருக்கிறது என்பதை அது தெளிவாகக் காட்டியது. பிறகு நியூயார்க் வட்டாரத்து வானொலி நிலையம் ஒன்றின் வழியாக டேனி அகப்பட்டார். அவர் வீட்டுப் பரணில், 1970-ல் பாதியில் நின்றுபோன மூன்றாவது இசைத்தட்டின் டேப்புகள் பத்திரமாக இருந்தன. கூடவே டேனி தனியாக டிரம்ஸ் மட்டும் வாசித்துப் பழகிய பதிவுகளும் கிடைத்தன. சிமியோன் அந்த வெறும் தாளங்களின் மேல் புதிதாக ஆசிலேட்டர் வாசித்துச் சேர்த்தார். எல்லாம் சேர்ந்து தி கார்டன் என்ற பெயரில் 1998-ல் வெளியாயிற்று. ஏறக்குறைய 30 ஆண்டு இடைவெளி விட்டு இருவர் சேர்ந்து வாசித்த பாடல்கள் அதில் இருக்கின்றன. ஒட்டுப்போட்ட தையல் எங்கேயும் தெரியவில்லை.

இருவரும் மறுபடி ஒரே மேடையில் உட்கார்ந்தார்கள், அது நீடிக்கவில்லை. 1998-லேயே பயண வேன் விபத்துக்குள்ளாகி சிமியோனின் கழுத்தெலும்பு முறிந்தது. தேறிவர ஆண்டுகள் பிடித்தன. பழைய மாதிரி எல்லா உறுப்புகளாலும் ஒரே நேரத்தில் வாசிப்பது அதற்குப் பிறகு அவரால் முடியவில்லை. டேனி 2005-ல் காலமானார்.

அதன் பின் சிமியோன் தனியாகவே சில்வர் ஆப்பிள்ஸ் என்ற பெயரில் வாசித்தார். டேனி விட்டுச்சென்ற பதிவுகளிலிருந்து தாளங்களை எடுத்துக் கோத்து வைத்துக்கொண்டு, அவற்றோடு சேர்ந்து பாடினார். வேறு டிரம்ஸ்காரரை அமர்த்திக்கொள்ளவில்லை. பிரிட்டனின் போர்டிஸ்ஹெட் குழு 2008-ல் வெளியிட்ட தேர்டு இசைத்தட்டின் வீ கேரி ஆன் பாடலைக் கேட்டால், ஆசிலேஷன்ஸின் துடிப்பு அப்படியே காதில் விழும். அந்தக் குழுவின் ஜெஃப் பாரோ சில்வர் ஆப்பிள்ஸ் மேல் தனக்கிருந்த மதிப்பை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். சிமியோனின் கடைசி இசைத்தட்டு கிளிங்கிங் டு அ ட்ரீம் 2016-ல் வந்தது. 2020 செப்டம்பர் 8 அன்று, அலபாமாவில் தன் 82-வது வயதில் அவர் இறந்தார். 1968-லும் 1969-லும் வந்த அந்த இரண்டு இசைத்தட்டுகளும் இன்று இணையத்தில் முழுதாகக் கேட்கக் கிடைக்கின்றன. ஆசிலேஷன்ஸில் தொடங்கிக் கேட்பது நல்லது.